கடல் தந்த நகரம் – அத்தியாயம் 9: கிழக்குப் பார்த்த வாய்

போன வாரம் உங்களைப் புயலுக்கு நடுவே நிறுத்திவிட்டுப் போனேன். ஏழு நாள் காத்திருந்தீர்கள். இனி ஒரு நிமிடமும் தாமதிக்கப் போவதில்லை.

1881, நவம்பர் 12.

சென்னைக் கடலுக்குள் இரண்டு சுவர்கள் நீண்டு கிடக்கின்றன. வடக்கே ஒன்று, தெற்கே ஒன்று. கரையிலிருந்து 1,200 கெஜம் நேராக ஓடி, பிறகு ஒன்றை நோக்கி ஒன்று திரும்புகின்றன. நடுவில் கிழக்குப் பார்த்து ஒரு வாய். கப்பல்கள் நுழைய வேண்டிய வழி அதுதான். சுவர்களின் அடியில் கருங்கல் குவியல். அதன்மேல் வரிசை வரிசையாகக் கான்கிரீட் பாளங்கள். வேல்ஸ் இளவரசர் வந்து கல் நாட்டிப் போய் ஆறு வருடம் ஆகப் போகிறது. வேலை ஏறக்குறைய முடிந்துவிட்டது. பாளங்களைத் தூக்கி வைக்கும் டைட்டன் கிரேன்கள் இன்னும் சுவரின் தலையிலேயே நிற்கின்றன.

அன்றோடு சரி.

கடல் சுவரை மோதிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போகவில்லை. சுவரின் மேலே ஏறியது. மேல் இரண்டு வரிசைப் பாளங்களைப் பெயர்த்தது. பெயர்த்த பாளங்களைத் துறைமுகத்துக்கு உள்ளேயே தள்ளியது. கப்பல் நிற்க வேண்டிய இடத்தில் கான்கிரீட் விழுந்தது.

அடுத்தது அஸ்திவாரம். கருங்கல் குவியலைக் கடல் அடியோடு கலைத்தது. உயரம் குறைந்து, கற்கள் பக்கவாட்டில் பரவிக்கொண்டன. மேலே நின்ற பாளங்களுக்குப் பிடிமானம் இல்லை.

இரண்டு டைட்டன் கிரேன்கள் கவிழ்ந்தன.

கட்டுமான வேலைக்காகப் போட்டிருந்த ரயில் பாதையில் ஒன்றரை மைல் போயே போய்விட்டது. சுவரில் அரை மைல் நீளம் உடைந்தது.

காற்று தணிந்ததும் கரைக்கு ஓடி வந்தவர்கள் கண்ட காட்சியை நினைத்துப் பாருங்கள். ஆறு வருட வேலை தண்ணீருக்கு வெளியே துண்டு துண்டாகத் தலை நீட்டிக்கொண்டிருந்தது. புதிய கவர்னர் கிராண்ட் டஃப் பதவியேற்று ஒரே வாரம்தான் ஆகியிருந்தது. கோட்டையிலிருந்து பார்த்தால் கண்ணுக்கு எட்டும் தூரம். பதவியின் முதல் வாரத்திலேயே அவர் கையில் கிடைத்தது உடைந்த துறைமுகம்.

இனி என்ன செய்வது? கைவிட்டுவிடலாமா?

முடியாது. ஏன் முடியாது என்பது புரிய, இந்தச் சுவர் யாருக்காக எழுந்தது என்று பார்த்துவிட்டு வர வேண்டும்.

சென்னைக்கு இயற்கை தந்த துறைமுகம் கிடையாது. பம்பாய்க்கு உண்டு. இங்கே கப்பல் வெகு தொலைவில் நங்கூரம் போட்டு நிற்கும். நடுவில் சீறும் அலை. அதைக் கடந்து ஆளையும் சரக்கையும் கரைக்குக் கொண்டுவந்தவை மசூலா படகுகள். ஓர் ஆணி கூட இல்லாத படகு. பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்திருப்பார்கள். அலை அடித்தால் உடல் நெளிந்துகொடுக்கும், உடையாது. ஆணியடித்த ஐரோப்பியப் படகு அந்த அலையில் சிதறிவிடும். இந்தக் கரையின் அலையை நன்றாகத் தெரிந்த கைகள் செய்த படகு அது. தொழில்நுட்பம் என்ற சொல்லை நான் முதலில் இந்தப் படகுக்குத்தான் தருவேன்.

மசூலாவும் இறங்க முடியாத நாட்களில் கட்டுமரம் போகும். கட்டுமரக்காரர் தலையில் ஓலைத் தொப்பி. அதற்குள் கப்பலுக்குப் போகும் கடிதங்கள். அலை ஆளைப் புரட்டிப் போட்டாலும் கடிதம் நனையாது.

அருமையான திறமைதான். ஆனால் ஒரு படகு ஒரு நடைக்கு எத்தனை மூட்டை கொண்டுவரும்? கப்பலில் ஏற்றும்போது ஒரு முறை, இங்கே படகுக்கு மாற்றும்போது ஒரு முறை, கரையில் இறக்கும்போது ஒரு முறை என்று ஒவ்வொரு மூட்டையும் கை மாறியது. நனைந்தது. உடைந்தது. அலை பெரிதானால் நாள்கணக்கில் எல்லாமே நின்றது. பாய்மரக் கப்பலுக்குக் காத்திருப்பதில் பெரிய நஷ்டமில்லை. 1869இல் சூயஸ் கால்வாய் திறந்தது. அதன் பிறகு வந்தவை நீராவிக் கப்பல்கள். சும்மா நின்றாலும் செலவு வைக்கும் கப்பல்கள். கேப்டனுக்கு அவசரம். சென்னையில் காத்திருப்பதை விட பம்பாய்க்குப் போய்விடலாம் என்ற எண்ணம் அவருக்கு வராதா?

சென்னை வியாபாரிகளின் அச்சம் அதுதான். தோல், பருத்தி, அவுரி எல்லாம் ரயிலேறி ராயபுரம் வரை வந்துவிட்டன. அங்கிருந்து கப்பலுக்குப் போகும் அந்தக் கடைசி ஒரு மைல்தான் மிச்சம். உள்நாட்டில் எத்தனை நூறு மைல் தண்டவாளம் போட்டாலும், அந்த ஒரு மைலைக் கடக்கும் வேகம்தான் முழு வணிகத்தின் வேகம். 1861இல் கடலுக்குள் 1,100 அடிக்கு இரும்புப் பாலம் நீட்டிப் பார்த்தார்கள். 1868இலும் 1872இலும் வந்த புயல்கள் அதை முடக்கிப்போட்டன. அதன் பிறகுதான் கராச்சித் துறைமுகத்தில் கைதேர்ந்த வில்லியம் பார்க்ஸை அழைத்தார்கள். அவர் வரைந்தது இந்த இரட்டைச் சுவர்.

ஆகவே கைவிடவில்லை. மறுபடி கட்டினார்கள்.

இங்கேதான் நான் உங்களை நிறுத்தி ஒரு விஷயம் சொல்ல வேண்டும். உடைந்த சுவரைப் பார்த்த எல்லோரும் ஒரே எதிரியைப் பார்த்தார்கள். புயல். சுவரைப் பலமாக்க வேண்டும், பாளங்களை இறுகப் பிணைக்க வேண்டும், அடித்தளத்தை வலுப்படுத்த வேண்டும். எல்லாம் செய்தார்கள். பத்து வருடத்துக்கும் மேல் பாடுபட்டு முடித்தார்கள். கிழக்கு வாய் மட்டும் கிழக்கு வாயாகவே இருந்தது.

இன்னொரு எதிரி இருந்தது. சத்தம் போடாதது. ஒரே இரவில் வராதது. தினமும் வந்துகொண்டிருந்தது.

மணல்.

நம் கரையில் மணல் ஓரிடத்தில் நிற்பதில்லை. வருடத்தில் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே நகரும். வடகிழக்குப் பருவத்தில் சில மாதம் திரும்பி வரும். கூட்டிக் கழித்தால் வடக்கே போவதுதான் அதிகம். இந்த ஓட்டத்தைக் குப்பத்துக்காரர்கள் தலைமுறை தலைமுறையாக அறிவார்கள். தெற்கிலிருந்து வந்தால் தெண்டி, வடக்கிலிருந்து வந்தால் வன்னி. வலையை எங்கே விடுவது என்பதே அதைப் பொறுத்தது.

அந்த ஓட்டத்துக்குக் குறுக்கே கடலில் 1,200 கெஜத்துக்குச் சுவர் வைத்தால் என்ன ஆகும்? மழை பெய்யும்போது தெருவில் ஓடும் தண்ணீருக்குக் குறுக்கே ஒரு செங்கல் வைத்துப் பாருங்கள். தண்ணீர் வரும் பக்கம் மண் சேரும். மறுபக்கம் தரை அரித்துக்கொண்டு போகும்.

சேர்ந்தது தெற்கே. கோட்டைச் சுவரின் அருகே வரை அடித்த கடல் பின்வாங்கியது. இன்றைய காமராஜர் சாலைக்கு வெகு அருகில் இருந்த அலை வருடா வருடம் விலகிப் போனது. கிராண்ட் டஃப் அந்தக் கரையில் ஓர் உலாச்சாலை அமைத்து மெரினா என்று பெயரும் வைத்தார். நாம் சுண்டல் சாப்பிடும் அந்த அகன்ற மணல்வெளியில் பெரும்பங்கு, துறைமுகச் சுவர் பிடித்து வைத்த மணல்.

அரித்தது வடக்கே. ராயபுரம். அதற்கு அப்பால் காசிமேடு. அதற்கும் அப்பால் திருவொற்றியூர். அங்கே வந்து சேர வேண்டிய மணல் வழியிலேயே நின்றுவிட்டது. அலை மட்டும் வந்தது. வந்த அலை கரையைத் தின்றது.

எம்.கே.பி. நகரிலும் வியாசர்பாடியிலும் இருக்கும் என் வாசகர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. உங்கள் வீட்டில் ஒருவராவது ஹார்பர் வேலைக்குப் போயிருப்பார். ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கரை நெடுகக் கொட்டிக் கிடக்கும் கருங்கல்லை நீங்கள் பார்த்திருப்பீர்கள். மெரினாவில் மணல், ராயபுரத்தில் கல். இரண்டையும் தந்தது ஒரே சுவர்.

சரி, துறைமுகத்துக்கு வருவோம். தெற்குச் சுவரின் பக்கம் சேர்ந்த மணல் அங்கேயே நின்றிருந்தால் துறைமுகம் பிழைத்திருக்கும். நிற்கவில்லை. சுவரை ஒட்டியே மெல்ல மெல்லக் கிழக்கே நகர்ந்தது. நுனியைச் சுற்றிக்கொண்டு வாயை நோக்கி வந்தது.

வாயில் ஆழம் குறையத் தொடங்கியது.

புயலைத் தாங்குகிற சுவரைக் கட்டியாயிற்று. இப்போது அந்தச் சுவரே மணலைக் கைப்பிடித்து வாசலுக்கு அழைத்து வந்தது!

இன்னொரு தொல்லையும் இருந்தது. வாய் நேர் கிழக்கே திறந்திருந்ததால் கடலின் ஏற்ற இறக்கம் தடையில்லாமல் உள்ளே வந்தது. உள்ளே நின்ற கப்பல்களும் ஆடின. புயல் எச்சரிக்கை வந்தால் பாதுகாப்புக்காகத் துறைமுகத்துக்குள் வர வேண்டிய கப்பல்கள், பாதுகாப்பைத் தேடி வெளியே நடுக்கடலுக்கு ஓடின.

1904. துறைமுகத்தின் பொறுப்பு ஒருவர் கைக்கு வருகிறது.

ஃபிரான்சிஸ் ஸ்பிரிங். அயர்லாந்துக்காரர். ஐம்பது வயதைத் தாண்டியவர். வாழ்க்கையின் பெரும்பகுதியை இந்திய ரயில்வேயில் கழித்தவர். துறைமுகக்காரர் அல்ல. இதைக் கேட்டு அன்றைக்குச் சிலர் புருவம் உயர்த்தியிருக்கலாம். ஆனால் அவர் ரயில்வேயில் மல்லுக்கட்டியது எதோடு என்று பார்க்க வேண்டும். ஆறுகளோடு. நம் நாட்டு ஆறுகள் ஒரு வெள்ளத்தில் ஒரு பக்கம், அடுத்த வெள்ளத்தில் மறு பக்கம் ஓடுபவை. பாலத்தை இங்கே கட்டினால் ஆறு அங்கே போய்விடும். ஆற்றை எதிர்த்து நிற்காமல், கரைகளை அமைத்து அதைப் பாலத்தின் கீழே வரவழைக்கும் முறையைப் பற்றி அவர் ஒரு நூலே எழுதியிருந்தார். சென்னைக்கு வருவதற்கு முந்தைய வருடம் அது வெளிவந்தது.

ஓடும் நீரும் ஓடும் மண்ணும் எப்படி நடந்துகொள்ளும் என்பதை இருபது முப்பது வருடம் பார்த்த கண்கள் அவை. அந்தக் கண்கள் இப்போது சென்னைக் கடலைப் பார்த்தன.

அவர் முன்னால் இருந்த வழிகள் என்ன? தூர் வாரிக்கொண்டே இருக்கலாம். இன்று அள்ளினால் நாளை வரும். நாளை அள்ளினால் மறுநாள் வரும். செலவுக்கு முடிவே இல்லை. தெற்குச் சுவரை இன்னும் நீட்டலாம். மணலுக்கு இன்னும் கொஞ்சம் வேலை; அதுவும் நீளும். மூன்றாவதாக ஒன்று இருந்தது.

கிழக்கு வாயை மூடிவிடுவது.

கொஞ்சம் நின்று யோசியுங்கள். முப்பது வருடம் பணத்தைக் கொட்டிக் கட்டிய துறைமுகம். புயலில் உடைந்து, மறுபடி கட்டி, ஊரே காத்திருந்து கிடைத்த வாசல். வந்த புதிதில் ஒருவர் அதைச் சுவர் வைத்து அடைக்கச் சொல்கிறார். புதிய வாய் வடகிழக்கில் இருக்கட்டும் என்கிறார். வெளிச்சுவரிலிருந்து வடக்கு நோக்கி ஒரு காப்புக் கரம் போகட்டும். கப்பல்கள் வடக்கிலிருந்து, அந்தக் கரத்தின் மறைவில் உள்ளே வரட்டும். தெற்கிலிருந்து வரும் மணலுக்கு வாசல் முதுகைக் காட்டி நிற்கும். கிழக்கிலிருந்து வரும் அலைக்கு நேர்வழி இருக்காது.

காகிதத்தில் பார்த்தால் ஒரு கோடு. அவ்வளவுதான்.

அந்தக் கோட்டைப் போட ஸ்பிரிங்குக்கு எது துணிச்சல் தந்தது? நான் இதைப் பல நாள் யோசித்திருக்கிறேன். பார்க்ஸுக்குத் திறமை குறைவில்லை. கடலில் சுவர் எழுப்புவது எப்படி என்று அவருக்கு நன்றாகத் தெரியும். கராச்சியில் செய்து காட்டியவர். ஸ்பிரிங்கின் பலம் வேறு. இந்தக் கரை ஏன் இப்படி நடந்துகொள்கிறது என்ற கேள்வியை அவர் விடவே இல்லை. சென்னைத் துறைமுகத்தின் அருகே மணல் நகர்வதைப் பற்றி அவர் பின்னாளில் லண்டன் கட்டடப் பொறியாளர் கழகத்துக்கு விரிவான கட்டுரையே எழுதினார்.

ஜோயல் மோக்கிர் என்ற பொருளாதார வரலாற்றாசிரியருக்கு 2025இல் நோபல் பரிசு கிடைத்தது. பல நூற்றாண்டுகளாக மனிதர்கள் புதுப்புதுக் கருவிகளைக் கண்டுபிடித்தும் வளர்ச்சி ஏன் கொஞ்ச தூரம் ஓடி நின்று நின்று போனது என்பது அவருடைய கேள்வி. ஒரு வேலையை எப்படிச் செய்வது என்று தெரிவது மட்டும் போதாது. அது ஏன் பலிக்கிறது என்றும் தெரிந்தால்தான் ஒரு கண்டுபிடிப்பு அடுத்ததைப் பெறும், வளர்ச்சி தொடரும் என்று அவர் காட்டினார். எனக்கு அதைப் படித்ததும் ஸ்பிரிங்தான் நினைவுக்கு வந்தார். மணல் ஏன் வருகிறது என்று தெரியாதவரை சென்னைத் துறைமுகம் உடைவதும் கட்டுவதுமாகவே இருந்தது. தெரிந்த பிறகு அது வளரத் தொடங்கியது.

1911இல் காப்புக் கரம் நின்றது. கிழக்கு வாய் மூடியது.

கப்பல்கள் வடகிழக்கு வழியாக உள்ளே வந்தன.

அதோடு ஸ்பிரிங் சும்மா இருந்தாரா? இல்லை. உள்ளே கப்பல்கள் கரைச்சுவரை ஒட்டியே வந்து நிற்கும்படி மேடைகள் எழுந்தன. கிடங்குகள் எழுந்தன. தண்டவாளம் துறைமுகத்துக்குள் நுழைந்தது. கப்பலிலிருந்து கிரேன் தூக்கிய சரக்கு படகுக்கு மாறாமல் கரைக்கு இறங்கியது. ராயபுரத்தில் நின்ற ரயிலும் கடலில் நின்ற கப்பலும் கடைசியில் கைகோத்தன. அந்த ஒரு மைல் அழிந்தது.

இதன் பலன் உடனே வந்துவிடவில்லை. வளர்ச்சி அப்படி வருவதில்லை. தீப்பெட்டித் தொழிற்சாலை திருவொற்றியூருக்கு வந்தது. 1948இல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் எண்ணூருக்கு வந்தது; பிறகு அதுவே அசோக் லேலண்ட். 1955இல் திருவொற்றியூரில் என்ஃபீல்டு. இயந்திரமும் உதிரி பாகமும் இறங்க ஒரு கரை பக்கத்தில் இருந்தது. அவர்கள் இந்தப் பக்கம் வர அது ஒரு முக்கியக் காரணம். வடசென்னையின் சங்கொலிகளும் ஷிஃப்டுகளும் அந்த வடகிழக்கு வாயின் வழியே வந்தவை. பேரன் காலத்தில் பலன் தரும் வேலையைத் தாத்தா காலத்தில் செய்திருந்தார்கள்.

ஆனால் ஒருவரை மறந்துவிட்டோமே.

மசூலா படகோட்டி.

தைத்த படகு. ஓலைத் தொப்பி. அலையின் ஒவ்வொரு வளைவையும் அறிந்த கை. கரைச்சுவரை ஒட்டிக் கப்பல் வந்து நின்ற நாளில் அந்தக் கைக்கு வேலை போனது. மோக்கிரோடு அந்தப் பரிசைப் பகிர்ந்துகொண்ட அகியோனும் ஹோவிட்டும் இதைத்தான் கணக்குப் போட்டார்கள். புதியது வளரும்போது பழையதை அழித்துக்கொண்டே வளர்கிறது. அழிவைப் பார்த்து வளர்ச்சியை நிறுத்தவும் முடியாது. அழிந்தவரை மறந்துவிட்டு வளர்ச்சியைக் கொண்டாடவும் கூடாது. இரண்டாவது பாதியைச் சென்னை மறந்துவிட்டது என்பது என் வருத்தம். படகோட்டிக்கு வேலையும் போனது. ராயபுரத்தில் அவர் படகை ஏற்றி வைத்த கரையும் போனது. தூர் வாரும் செலவு துறைமுகக் கணக்கில் ஏறியது. கரை போன செலவு எந்தக் கணக்கிலும் ஏறவில்லை. அதை இன்றுவரை கட்டிக்கொண்டிருப்பவர்கள் வடசென்னைக் குப்பத்து மக்கள்.

இதே கதை இதே துறைமுகத்தில் இன்னொரு முறை நடக்கும். 1956இல் அமெரிக்காவில் மால்கம் மெக்லீன் என்ற லாரிக்காரர் 58 இரும்புப் பெட்டிகளை ஒரு கப்பலில் ஏற்றி அனுப்புவார். 1983இல் அந்தப் பெட்டிகளுக்கென்றே சென்னையில் ஒரு முனையம் திறக்கும். மூட்டை தூக்கிய தோள்களுக்கு அப்போது என்ன ஆனது என்பதைத் தனி அத்தியாயமாக எழுதப் போகிறேன். காத்திருங்கள்.

அதற்கு முன்னால் ஸ்பிரிங்கின் அறைக்கு ஒரு முறை போக வேண்டும்.

காப்புக் கரம் முடிந்துவிட்டது. அவர் இப்போது சர் ஃபிரான்சிஸ். 1912 மார்ச் 1ஆம் தேதி அவர் அலுவலகத்தின் கணக்குப் பிரிவில் ஒரு புதிய குமாஸ்தா சேருகிறார். வயது இருபத்து நான்கு. கும்பகோணத்தில் வளர்ந்தவர். கல்லூரிப் படிப்பை முடிக்காதவர். மாதச் சம்பளம் 30 ரூபாய். தலைமைக் கணக்கர் நாராயண ஐயர் மட்டும் அவரைக் கவனிக்கிறார். நாராயண ஐயரும் கணிதம் படித்தவர். வேலை நேரம் போக மிச்ச நேரத்தில் அந்த இளைஞர் எண்களை எழுதிக்கொண்டே இருக்கிறார். வாங்கிய காகிதம் தீர்ந்தால் சரக்கு சுற்றி வந்த காகிதத்திலும் எழுதுகிறார்.

பெயர் ராமானுஜன்.

நவம்பரில் ஸ்பிரிங்கின் மேஜைக்கு ஒரு கடிதம் வருகிறது. அனுப்பியவர் சென்னைப் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் கிரிஃபித். உங்கள் அலுவலகத்தில் ஓர் அபூர்வமான கணித மேதை இருக்கிறார். அவர் நல்ல கணக்கராக இல்லாமலும் போகலாம். ஆனால் அவருக்கு ஏதாவது வழி பிறக்கும்வரை அவரை மனம் நோகாமல் வேலையில் வைத்துக்கொள்ளுங்கள் என்ற பொருளில் எழுதியிருக்கிறார்.

மணல், சிமெண்ட், தண்டவாளம், கிரேன் என்று ஓடிக்கொண்டிருக்கும் மனிதர். ஒரு பெரிய துறைமுகம் அவர் தலையில். அவருக்குக் கீழே நூற்றுக்கணக்கானவர்கள். அதில் முப்பது ரூபாய்க் குமாஸ்தா ஒருவருக்காக அவர் என்ன செய்ய வேண்டும்?

கடிதத்தைப் படித்து முடித்த ஸ்பிரிங், நாராயண ஐயரின் பக்கம் திரும்புகிறார்…

(அடுத்த வாரம்)